தூங்குகிறவருக்குத் தூக்க மாத்திரை

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"தூக்கம் வரலையாம்மா உங்களுக்கு?"

"எனக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு."

"அவருக்கா?" என்றவர் அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. அவள் கணவரின் நிலைமை அந்தத் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் தன் கண்ணாடிக் கடையிலேயே தலையில் அடிபட்டு விழுந்தவர், வெயில் காலம் வந்தும் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருக்கும், பார்வை எதிலும் நிற்காது. கூழாக்கி ஊட்டினால் விழுங்குவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பொழுதில் பாதிக்கு மேல் தூக்கம்தான்.

"இது தூக்க மாத்திரைதானா? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? தினம் நாலு பேர் வாங்கிட்டுப் போறாங்க. படுத்தா தூக்கம் வராதவங்களுக்கு இதுதான்."

அவள் அட்டையைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தூங்குகிற மனிதருக்குத் தூக்க மாத்திரை. இதைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவள் கொழுந்தன்.

அவனை வீட்டிலும் கடையிலும் எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்கள்கூட "தம்பி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவள் லீவை நீட்டித்து எழுதிக் கொடுக்கத் தன் ஃபேக்டரிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, அண்ணனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு யாரோ புது நரம்பு டாக்டரிடம் போய் வந்திருக்கிறான். "புது மருந்து அண்ணி, மூளையத் தட்டி எழுப்புமாம்" என்று சொல்லி அட்டையை நீட்டினான். சொன்னபோது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

கண்ணைப் பார்க்காததை அவள் கவனித்துவிட்டாள். கவனிப்பதுதான் அவள் பிழைப்பு. ஆயத்த ஆடை ஃபேக்டரியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, கோணல் தையல், விட்டுப்போன காஜா, பிசிறு எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரியாக இருக்கிற சட்டை எதுவும் அவள் நினைவில் தங்கியதில்லை. வீட்டிலும் அதே கண்தான். பால் தண்ணீராக இருக்கிறது என்பாள், சாவி இடம் மாறியிருக்கிறது என்பாள், விருந்தாளி சிரித்த சிரிப்பு சரியில்லை என்பாள். கல்யாணமான புதிதிலேயே கணவர் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார். கண்ணாடிக் கடைக்காரருக்கு வேறென்ன பெயர் தோன்றும்?

அந்தப் பூதக்கண்ணாடிக்குக் கீழே கொழுந்தன் பல நாளாகவே இருந்தான்.

விபத்து நடந்தபோது கடையில் இருந்தது அண்ணனும் தம்பியும் மட்டும். கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து வைக்கிற இரும்பு ஸ்டாண்டு அப்படியே முன்னால் கவிழ்ந்தது. அண்ணன் மண்டையில் அடிபட்டுக் கிடந்தார், தம்பிக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான். "நான் திரும்பி நின்னுட்டு இருந்தேன் அண்ணி." எத்தனை தடவை கேட்டாலும் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. உண்மையைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள் என்பது அவள் கணக்கு.

அதற்குப் பிறகு அவன் காட்டிய பாசம் இருக்கிறதே, அது இன்னும் உறுத்தியது. காலையும் மாலையும் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுவான், முகம் மழிப்பான், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பான். முன்பெல்லாம் தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத பிள்ளை. அதோடு போகிறபோதெல்லாம் வாசலில் நின்று ஒரு கேள்வி: "அண்ணன் ஏதாவது பேசினாரா அண்ணி?"

பேசினால் உனக்கு என்ன பயம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வாள்.

இப்போது தூக்க மாத்திரை. முடிச்சு தானாக விழுந்துவிட்டது. அண்ணன் என்றைக்காவது வாயைத் திறந்துவிடுவாரோ என்று அவரை ஒரேயடியாகத் தூங்க வைக்கப் பார்க்கிறான்.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் ஜாக்கிரதை ஆகிவிடுவான். மாத்திரை கொடுக்கிற வேலை இனிமேல் தன்னுடையது என்று மட்டும் சொன்னாள். தினமும் காலையில் அவன் கண்ணெதிரே அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்குவாள். சமையலறைக்குள் போய், அதை அலமாரியில் இருந்த பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டு, தன்னுடைய கால்சியம் மாத்திரையில் ஒரு துண்டை நுணுக்கிப் பழக்கூழில் கலந்து எடுத்து வருவாள். பழைய சட்டைகளிலிருந்து கழற்றிய வெள்ளைப் பொத்தான்களோடு வெள்ளை மாத்திரைகளும் ஒன்றாகக் கிடந்தன. சமையலறைக்குக் கதவு கிடையாது. கட்டிலில் இருந்தவரின் கண்கள் அந்தப் பக்கமாகத்தான் திறந்திருந்தன. அதை அவள் பொருட்படுத்தவில்லை. திறந்திருக்கிற ஜன்னலைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

ஒரு வாரம் போனது. மாற்றம் ஒன்றுமில்லை. தம்பி முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வந்தது. மருந்து வேலை செய்கிறதா, ஆள் இன்னும் ஆழமாகத் தூங்குகிறாரா என்று நோட்டம் விடுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வாரக் கடைசியில் டாக்டரிடம் அவளும் கூடப் போனாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அம்மாள். டார்ச் அடித்துப் பார்த்தார், விரலை அழுத்திப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

அவள் நேரடியாகவே கேட்டாள். "இது தூக்க மாத்திரைதானே டாக்டர்? தூங்குறவருக்கு எதுக்கு?"

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையாட்டினார். "தூக்க மாத்திரையேதான். அன்னைக்கே உங்க கொழுந்தன்கிட்ட சொன்னேனே."

அவள் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்னா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு பயந்தேன் அண்ணி" என்று முனகினான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட மூளையில் எல்லா இடமும் செத்துப் போவதில்லையாம். சில இடங்கள் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்ட கடை மாதிரி, உள்ளே சரக்கு இருந்தும் வியாபாரம் நடக்காமல் கிடக்குமாம். ரொம்பச் சிலருக்கு மட்டும், இந்த மாத்திரை தலைகீழாக வேலை செய்து அந்த ஷட்டரைக் கொஞ்ச நேரம் தூக்கிவிடுகிறதாம். ஏன் என்பது முழுசாகப் புரியவில்லை, யாருக்கு வேலை செய்யும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. வேலை செய்தாலும் சில மணி நேரம்தான், திரும்ப மூடிக்கொள்ளும்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் குடுத்தும் பலன் இல்ல. பெரும்பாலானவங்களுக்கு இப்படித்தான். நிறுத்திடலாம்" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

கொடுக்கவே இல்லையே என்று எப்படிச் சொல்வது?

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே டாக்டர்" என்றாள்.

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்தது, கூடவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. எப்போதும் அடுத்தவரை எடை போடுகிறவள் அவள். தன்னை ஒருவன் எடை போடுவது என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை, தம்பி வருவதற்கு முன்பே, உண்மையான மாத்திரையைக் கரைத்து ஊட்டினாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவேளை டாக்டரும் அவனும் பேசி வைத்துக்கொண்டிருந்தால்? மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த அரிசி குழைந்து அடிப்பிடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தபோது அவர் கண் அவளோடு கூடவே நகர்ந்தது.

அவள் நின்றாள். கண்ணும் நின்றது. இடது பக்கம் ஓர் அடி வைத்தாள். கண்ணும் வந்தது.

"ஏங்க?"

உதடு ஒட்டிப் பிரிந்தது. தொண்டையிலிருந்து துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து, "பூ… த… கண்… ணாடி" என்றார்.

அவள் அழவில்லை. அழுதால் கண் மறைக்கும், ஒரு நொடி போய்விடும் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு முட்டாள்தனமாக, "சோறு அடிப்பிடிச்சிடுச்சுங்க" என்றாள். அவர் உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்புதான்.

அந்த நேரத்தில்தான் தம்பி உள்ளே வந்தான். வாசலிலேயே உறைந்து நின்றான். கட்டிலில் இருந்தவரின் முகம் சட்டென்று மாறியது. கண் அகலமாகி, கழுத்து நரம்பு புடைத்து, கை மெத்தையை விட்டு எழும்பியது.

"தம்பி… தள்ளு… தம்பி, தள்ளு…"

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி வெளியே போய்விட்டான். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் அந்த இரண்டு வார்த்தையையும் மனதுக்குள் தைத்துப் பார்த்தாள். வால் அறுந்து வந்த வாக்கியம். வாலை ஒட்டினால் போதும். தம்பி தள்ளினான். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய இடம் இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டையிலும் இருந்ததில்லை. அவள் குனிந்து, "தம்பியா தள்ளினான்? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்குக் களைப்பு மேலிட்டது. மதியத்துக்குள் பார்வை பழையபடி எங்கோ போய்விட்டது.

அன்று மாலை தம்பி வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. வராததும் அவள் கணக்கில் ஏறியது. கணவரைத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாமல் அவளே ஈரத்துணியால் துடைத்தாள். இடுப்பு விட்டுப் போனது. இத்தனை நாள் அவன் எவ்வளவு பாரத்தைத் தூக்கினான் என்று இடுப்பு சொன்னது. மனசு அதைக் காதில் வாங்கவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாத்திரை அட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் சொருகினாள்.

அன்று மதியம்தான் வந்தான். மழிக்காத முகம். உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, அந்த மாத்திரை வேணாம். நிறுத்திடலாம்."

இதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "கொண்டு வந்தது நீதானே? எழுப்பாதுன்னு நெனச்சே, எழுப்பி விட்டுடுச்சு. அதான் வேணாமா?"

"என்ன அண்ணி பேசுறீங்க?"

"அவர் வாயால சொன்னாரே. நீயும்தானே கேட்டே?"

"கேட்டேன். அவரு கண்ண முழிச்சதும் அந்த நேரத்துக்கே போயிடறாரு. அத என்னால பாக்க முடியல."

"ஏன் முடியல? தள்ளினியா?"

"நான் தள்ளல அண்ணி. அதான் இவ்வளவுக்கும் காரணம்."

முதல் பாதி பொய், இரண்டாம் பாதி உளறல் என்று தீர்மானித்தாள். மாட்டிக்கொண்டவன் பேச்சு இப்படித்தான் முன்னுக்குப் பின் முரணாக வரும். நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றாள். "இப்ப மாத்திரை குடுக்கப் போறேன். அவர் முழிச்சதும் உன் எதிர்லயே கேக்கறேன். எந்திரிச்சு ஓடினேன்னா அதுவே பதில்னு எடுத்துக்குவேன்."

அவன் உட்கார்ந்தான். அவள் மாத்திரையைக் கரைத்து ஊட்டினாள். மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது. தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் பார்வை கட்டிலுக்கும் தரைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது, அவள் பார்வை அவனை விட்டு அசையவில்லை. தண்ணீர் லாரி ஒன்று தெருவில் நின்று, குடங்கள் முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டு, லாரி போயும் விட்டது.

கட்டிலில் ஓர் அசைவு. அவள் துள்ளி எழுந்து கணவரின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏங்க, நான்தான். தெரியுதா?"

கண் அவளைப் பிடித்தது. லேசாகத் தலை ஆடியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடையில யாரு தள்ளினது?"

"தள்ளு" என்றார்.

"அதான், யாருங்க தள்ளினது?"

"தள்ளு…" புருவம் சுருங்கியது. எரிச்சல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். டிவி பார்க்கும்போது குறுக்கே போனால் வருகிற எரிச்சல். கையை உயர்த்தி, ஈயை விரட்டுவது போல இரண்டு தடவை அசைத்தார். "தள்ளு… மறைக்குது."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் நாற்காலியில் தம்பி. நடுவில் அவள். மறைப்பது அவள்தான். தள்ளிப் போ என்கிறார்.

காலம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்ட வார்த்தை. பஸ்ஸில், கியூவில், இதே வீட்டின் குறுகலான சமையலறையில். கொஞ்சம் தள்ளு, வழி விடு. அந்த அர்த்தம் மட்டும் பூதக்கண்ணாடிக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் ஓர் அடி விலகினாள். அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

தம்பி எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டான். அவளைப் பார்க்காமல், அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினான். ஸ்டாண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அளவு குறித்துக்கொண்டிருந்தானாம். காதில் இயர்போன், பாட்டு. ஸ்டாண்டு சாய்வதை அண்ணன் எதிரிலிருந்து பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார். பாட்டுக்கு நடுவில் ஏதோ கேட்டிருக்கிறது, இவன் திரும்பவில்லை.

"தம்பி தள்ளு, தம்பி தள்ளுன்னு கத்தினாரு அண்ணி. நான் தள்ளல. நின்ன எடத்துலயே நின்னேன். அவரு ஓடி வந்தாரு, என்ன இடிச்சு அந்தப் பக்கம் விட்டாரு. தள்ளினது அண்ணன்தான்."

கட்டிலில் இருந்தவர் அவன் பேசியதைக் கேட்டாரா, எவ்வளவு புரிந்தது என்பதெல்லாம் தெரியவில்லை. அவர் தம்பியின் கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களைத் தடவினார். கண்ணாடி வேலை செய்கிறவர்கள் எதை முதலில் பார்ப்பார்களோ அதை.

"வெட்டிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஒண்ணும் ஆகல எனக்கு."

"ம்" என்றார். மழைக்காலத்திலிருந்து புடைத்து நின்ற ஏதோ ஒன்று அவர் நெற்றியில் தளர்ந்ததைப் போல இருந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பிதான் பேசினான். மண்டி போட்டபடியே திரும்பி, நிதானமாக.

"ஒண்ணு மட்டும் புரியல அண்ணி. இப்ப குடுத்த ரெண்டு தடவையும் முழிச்சுட்டாரு. முதல் வாரம் முழுக்க ஏன் ஒண்ணுமே ஆகல?"

டாக்டர் அறையில் அவன் பார்த்த அதே பார்வை. அவள் வாயைத் திறந்தாள். உடம்பு பழக வேண்டாமா என்று சொல்லலாம். சிலருக்கு அப்படித்தானாம் என்று சொல்லலாம். இரண்டு பொய்யும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தன.

"பொத்தான்" என்றார் கணவர்.

இருவரும் திரும்பினார்கள். அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே நீண்டது. "பொத்தான்… டப்பா."

ஷட்டர் மூடியிருந்தது என்றுதானே டாக்டர் சொன்னார்? மூடிய ஷட்டரின் இடுக்கு வழியாக ஒருவர் ஒரு வாரமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

தம்பி எழுந்து போனான். அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தான். மூடியைத் திருகினான். உள்ளே பார்த்தான். ஒரு விரலை விட்டுக் கிளறினான். துளை இருக்கிற வெள்ளை வட்டங்கள், துளை இல்லாத வெள்ளை வட்டங்கள். அவள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவளைப் போல நின்றாள்.

அவன் மூடியைத் திரும்பத் திருகினான். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"பொத்தான்தான் அண்ணி இருக்கு" என்றான்.

பெருந்தன்மையா, பின்னால் குத்திக்காட்டப் பத்திரப்படுத்துகிறானா? பழக்கதோஷம், அவள் மனம் அதையும் புரட்டிப் பார்த்துவிட்டது. கட்டிலில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டாரோ என்னவோ, உதட்டோரம் மறுபடி கோணியது.

"பொத்தான் மட்டும் இல்ல தம்பி" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாரம் அவர நான்தான் தூங்க வெச்சேன்."

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நாளையிலேருந்து நீயே குடு."

"நீங்க?"

"நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்றாள்.

"தள்ளி நின்னு பாருங்க அண்ணி" என்றான் தம்பி. "அண்ணனுக்கு மறைக்கும்."